பெருசாச் சொல்லு மருமகனே

ஊருக்குள்ள உன் பேச்சு எடுபடலைன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கியே மருமகனே, எப்படி எடுபடும்? நீ சொல்றதெல்லாம் விரல் விட்டு எண்ணுற கணக்கு. கேட்டவன் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள சரிபார்த்துப்புடுறான். பேசுனா 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297-ன்னு பேசணும். 92 வருசத்துக்கு ஒரு பயலும் பொய்யின்னு நிரூபிக்க மாட்டான்.

பிரான்சு தேசத்துல துலூஸ் கோர்ட்டுல உத்தியோகம் பார்த்த ஃபெர்மா காட்டின வழிய்யா இது. ரெண்டை எடு. அதை அதாலேயே பெருக்கு. வந்ததை வந்ததாலேயே பெருக்கிக்கிட்டே போ. 2, 4, 16, 256, 65536. ஒவ்வொண்ணோடயும் ஒண்ணைக் கூட்டு. 3, 5, 17, 257, 65537. அஞ்சும் அசல் பகா எண். அண்ணன் தம்பி அஞ்சு பேரும் யோக்கியம்னா ஆறாவது பொறந்தவனும் யோக்கியந்தானே? 1640-ல மனுசன் கடுதாசியே எழுதிட்டாரு, இந்த வரிசையில வர்றதெல்லாம் பகா எண்தான்னு. நிரூபணம் கைவசம் இல்லைன்னும் ஒத்துக்கிட்டாரு. நீயா இருந்தா அந்த வரிய மட்டும் விட்டிருப்ப.

ஆறாவதுதான் நம்ம 4294967297. அதை எவன் உட்கார்ந்து வகுக்கிறது? 1665-ல ஃபெர்மா நிம்மதியாப் போய்ச் சேர்ந்தாரு.

1732-ல பீட்டர்ஸ்பர்க்குல இருந்த ஆய்லருக்குத்தான் பொறுக்கலை. வயசு 25, கல்யாணமும் ஆகலை, வேறென்ன வேலை? 641-ஆல மீதியில்லாம வகுபடுது, ஈவு 6700417-ன்னு போட்டு உடைச்சுட்டாரு. கண்ட எண்ணையெல்லாம் வச்சு வகுக்க வேண்டாம்யா. பின்னாடி அவரே எழுதி வச்ச வழிப்படி, 64-ஆல வகுத்தா 1 மிஞ்சுற பகா எண்ணாப் பார்த்தாப் போதும். 193, 257, 449, 577, அடுத்தது 641. அஞ்சே வகுத்தல்! இதுல கூத்து என்னன்னா, அந்த 64 சங்கதிக்கு ஆதாரமே ஃபெர்மா அதே 1640-ல சொன்ன இன்னொரு தேற்றம். சாவியை மடியில முடிஞ்சுக்கிட்டுத் திண்ணையில படுத்திருக்காரு பெரியவரு.

கிழவன்னா இளக்காரமாப் பார்க்கிறியே, ஏழாவது எண்ணு 20 இலக்கம். அதை 1880-ல 274177-ஆல பொளந்தது லாண்ட்ரின்னு 82 வயசு பிரெஞ்சுக்காரர். அதுக்கப்புறமும் வரிசையில பகா எண்ணு ஒண்ணுகூட இன்னிவரைக்கும் அகப்படலை. மொத அஞ்சோட சரி.

அதனால ஆறாவதைச் சொல்லி மாட்டிக்காத. 21-வதைச் சொல்லு. 3 லட்சத்து 15 ஆயிரத்து 653 இலக்கம். அது பகா எண் இல்லைன்னு சோதிச்சுத் தீர்மானமாச் சொல்லிட்டாங்க. எதால வகுபடும்னு மட்டும் இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. சாவடியில நடுவுல உட்கார்ந்து, "உடையும், ஆனா எதாலன்னு கேட்கப்படாது"ன்னு ஒரு போடு போடு. எவனும் மறுக்க மாட்டான். முக்கியமா, உன் வாயிலிருந்து வந்தும் அது உண்மையா இருக்கும்.