ஆறு நிமிடம் தூங்காத கும்பகர்ணன்

திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்து. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அங்கே அண்ணன் வீட்டைத் தேடி வருகிறவர் கதவு எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. காது இருந்தால் போதும். காசிமேட்டில் கிளம்ப அடம்பிடிக்கும் விசைப்படகு மாதிரி முதலில் இரண்டு இருமல். அப்புறம் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அதுவே எண்ணூர் போகும் கூட்ஸ் வண்டியாகி, கட்டில் அதிர, பக்கத்து வீட்டு ஜன்னல் கொக்கியும் அதிரும்.

திடீரென்று நின்றுவிடும்.

பத்து நொடி. பதினைந்து நொடி. அண்ணி இருட்டில் கையை நீட்டி, மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பார். "இன்னாய்யா, உசுரு கீதா?" என்று உலுக்கப் போகும் நேரத்தில் கொர்ரென்று ஒரு வெடிப்பு. எஞ்சின் மறுபடி கிளம்பிவிட்டது. அண்ணி திரும்பிப் படுத்துக்கொள்வார், அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்.

காலையில் கேட்டால், "நானா? கொறட்டையா? சும்மா கண்ண மூடிக்கினு இருந்தேன்" என்பார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெருவுக்கு ஒருவராவது இந்த ரகத்தில் உண்டு. ஊரே கேட்கும் கச்சேரியைக் கேட்காத ஒரே ஆள், பாடகர்தான். அண்ணி ஒரு நாள் செல்போனில் பதிவுசெய்து போட்டுக் காட்டினார். அண்ணன் தலையைச் சாய்த்து, வித்வான் போலக் கேட்டார். "இது லேலண்டு வண்டிமா. எவனோ ரிவர்ஸ் எடுக்குறான்."

தெருவில் இவருக்குக் கும்பகர்ணன் என்று பட்டம். மாமியாருக்கு அதில் பெருமைகூட. "மாப்ளைக்கு மனசுல ஒரு கவல கெடயாது, படுத்தா கட்டதான்" என்பார். இந்த இடத்தில்தான் மொத்த ஊரும் ஏமாந்துபோகிறது. கும்பகர்ணன் ஆறு மாதம் தூங்கியவன். அண்ணன் ஆறு நிமிடம் சேர்ந்தாற்போல் தூங்கியவரில்லை.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன, நாக்கு பின்னால் சரிகிறது. காற்று போகும் வழி குறுகினால் உள்நாக்கும் மேலண்ணத்தின் பின்பகுதியும் கொடித்துணி மாதிரி படபடக்கும், அதுதான் குறட்டை. வழி முழுக்க அடைத்துக்கொண்டால் சத்தமும் கிடையாது, மூச்சும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறிப்போய் ஆளை அரைவிழிப்புக்கு இழுக்கும். தசை இறுகி வழி திறக்கும். அந்த வெடிப்பு அதன் சத்தம். எழுந்தவருக்கு எழுந்த ஞாபகமே இருக்காது. ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். பத்து நொடியாவது மூச்சு நின்றாலோ குறைந்தாலோ கணக்கில் ஒன்று. மணிக்கு 5-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டியது, 30 வந்தால் கடுமையானது. மணிக்கு 30 என்றால், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ வந்து கழுத்தைப் பிடித்து எழுப்புவதாக வைத்துக்கொள்ளலாம்.

அப்படி எழுப்பப்பட்டவர் பகலில் என்ன செய்வார்? தூங்குவார். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதும் அண்ணனுக்கு வசதியாகப் போயிற்று. கிளியரிங் ஏஜென்ட் ஆபீசுக்கு மண்ணடியில் இறங்க வேண்டியவர், இருமுறை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கண்விழித்திருக்கிறார். "ஏசி நல்லாருந்துச்சு" என்பதோடு விசாரணை முடிந்தது. காலையில் தலைவலி, நாக்கு வறட்சி. ராத்திரியில் மூன்று முறை பாத்ரூம். பி.பி.க்கு இரண்டு மாத்திரை போட்டும் இறங்கவில்லை. எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காரணம் அவரிடம் இருந்தது: தலைவலிக்கு வெயில், பாத்ரூமுக்கு மோர், பி.பி.க்கு மச்சான்.

கைவைத்தியமும் நடந்தது. "ஒரு கட்டிங் போட்டா தூக்கம் வரும்" என்றார் ஒரு நண்பர். வந்தது; குறட்டை இரண்டு வீடு தள்ளிப் போய்ச் சேர்ந்தது. சாராயம் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும். மல்லாந்து படுத்தால்தான் பலருக்கு நாக்கு அதிகமாகச் சரியும் என்பதால், பனியனின் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொள்வது ஒரு பழைய உபாயம். புரண்டால் உறுத்தும், ஒருக்களித்தே கிடப்பார்கள். சிலருக்கு உண்மையாகவே உதவும். அண்ணன் வீட்டில் அது நாலே நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் மாலை பேரன் அந்தப் பந்தைச் சந்து கிரிக்கெட்டுக்குக் கொண்டுபோய் சாக்கடையில் சிக்ஸர் அடித்துவிட்டான்.

பி.பி. பார்க்கப் போன இடத்தில் டாக்டர் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். டேப்பை எடுத்துச் சுற்றினார்: பதினேழு அங்குலம். பதினாறைத் தாண்டிய கழுத்து ஓர் அடையாளம். பிறகு மெல்போர்னில் 1991-இல் உருவான எப்வொர்த் கேள்வித்தாளை நீட்டினார். எட்டுக் கேள்விகள். அதில் ஒன்று: வண்டி போக்குவரத்தில் சில நிமிடம் நிற்கும்போது கண் அசருமா? துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையில் கன்டெய்னர் டிரெய்லரில் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் 'சில நிமிடம்' என்று எழுதியிருக்க மாட்டார். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற கேள்வியும் இல்லை. நாற்பதடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு ராத்திரியில் எண்ணூர் நெடுஞ்சாலையில் வருகிறவருக்கு இந்த வியாதி இருந்தால், எதிரே வருகிறவருக்கும் இருக்கிற மாதிரிதான்.

"கொறட்டைக்கெல்லாமா சார் ஆஸ்பத்திரி?" என்றார் அண்ணன். இந்தி சினிமாவின் டிஸ்கோ இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் இறந்தபோது மருத்துவமனை சொன்ன காரணத்தில் இதுவும் உண்டு என்றார் டாக்டர். இந்தியாவில் உழைக்கும் வயதினரில் சுமார் 10 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்பது டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் போட்ட கணக்கு. தொப்பைக்காரர்களின் வியாதி என்று ஒதுக்கவும் முடியாது. தாடை சிறுத்த ஒல்லி ஆட்களுக்கும் வரும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் கூடும். ஆனால் அவர்களுக்குக் கும்பகர்ணன் பட்டம் கிடைப்பதில்லை. ஆண் குறட்டை விட்டால் தெருவுக்கே தமாஷ். பெண் விட்டால் அது குடும்ப ரகசியம். டாக்டரிடமும் சொல்ல மாட்டார்கள்.

தூக்கப் பரிசோதனை ராத்திரி தலையிலும் மார்பிலும் ஒயர், விரலில் கிளிப், மூக்கில் குழாய். கேபிள் டிவிக்காரன் கனெக்‌ஷன் கொடுத்த மாதிரி கிடந்தார். முடிவு மணிக்கு 42. "முப்பத்தஞ்சுதான பாஸ் மார்க்கு?" என்று கேட்டதாக அண்ணி சொல்கிறார்.

எடை குறைக்கச் சொன்னார்கள். லேசான கேஸ் என்றால் கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல்செட் உண்டு. டான்சில் பெருத்தவர்களுக்கு ஆபரேஷன் உதவலாம். 42-க்கு இயந்திரம்தான். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980-இல் வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து இதை முதன்முதலாகச் செய்துபார்த்தார். மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றை ஊதினால் தொண்டை மூடாமல் நிற்கும்; விஷயம் அவ்வளவுதான். அதற்கு முன்னால் கடுமையான நோயாளிக்குக் கழுத்தில் ஓட்டை போடுவதே வழி. இதைக் கேட்டதும் அண்ணன் மறுபேச்சின்றி முகமூடியை வாங்கிக்கொண்டார். முதல் வாரம் பட்டை கன்னத்தில் தடம் பதித்தது, மூக்கு காய்ந்தது, பேரன் "பைலட் தாத்தா" என்று சல்யூட் வைத்தான். கரண்ட் போன ராத்திரி மட்டும் பழைய விசைப்படகு கரைக்கு வந்தது.

இரண்டு மாதத்தில் அவர் மண்ணடியில் இறங்கத் தொடங்கினார். கூடவே ஓர் உபத்திரவமும் தொடங்கியது. பையில் தையல் டேப் வைத்துக்கொண்டு டீக்கடையில், மெட்ரோவில், கல்யாணப் பந்தியில் கண்ட கழுத்தையெல்லாம் அளக்கிறார். போன வாரம் விருந்துக்கு வந்த மச்சான் சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்தான். அண்ணன் செல்போனை அவன் வாயருகே பிடித்து முழுசாகப் பதிவுசெய்தார். எழுந்ததும் போட்டுக் காட்டினார்.

மச்சான் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"இன்னா மாமா இது, உன்னோட பழைய ரெக்கார்டிங்க போட்டுக் காட்டுற?"