பாகூர் – பாரிஸ் இடைத்தொலைவு: ஒரு மறு ஆய்வு

புதுச்சேரிப் பகுதியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களுக்கும் பாரிசுக்கும் இடையிலான தொலைவு எவ்வளவு என்னும் வினா, 1962 ஆகஸ்டு 16 அன்று இப்பகுதி சட்டப்படி இந்தியாவோடு இணைந்து, ஒரு சாரார் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட காலந்தொட்டுத் திண்ணைகளில் அலசப்பட்டு வந்தபோதிலும், உரிய முறைப்படி ஆராயப்பட்டதில்லை.

கோள வடிவான புவிப்பரப்பில் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி பெருவட்டப் பாதை எனப்படும். அதன்வழி அளந்தால் பாகூரிலிருந்து பாரிஸ் ஏறத்தாழ 8,100 கிலோமீட்டர். இப்பாதை வடமேற்காகப் புறப்படுவதால், பாகூருக்கு வடக்கே அமைந்த வில்லியனூர் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் பாரிசுக்கு நெருக்கமாகிறது. விமான வேகத்தில் இது அரை நிமிடத்துக்குச் சற்று மேல். பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த லூர்து மாதா சுரூபத்தைப் பற்றிப் பெருமை பேசும் வில்லியனூரார் இந்த அரை நிமிடத்தை இதுவரை உரிமை கொண்டாடாதது அவர்களுடைய தன்னடக்கத்துக்குச் சான்று.

இனி, புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுதளம் பெரிய விமானங்களுக்குப் போதாது என்பதால், பயணி முதலில் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் சேர வேண்டும். சாலைவழித் தொலைவு 160 கிலோமீட்டர் அளவில்தான் என்றாலும், அதற்கே நான்கு மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. அதைப் போல ஐம்பது மடங்குத் தொலைவை இடையில் நிற்காமல் பறக்கும் விமானமாயின் பத்து மணி நேரத்தில் கடந்துவிடும். கார் கிளம்புவதற்கு முன் கழியும் நேரமோ எந்தக் கால அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. பெட்டி, மளிகைக் கடையின் அரிசி எடைபோடும் தராசில் ஏற்றப்பட்டு, 23 கிலோவைத் தாண்டியதாகத் தெரிந்து, திறக்கப்பட்டு, சட்டைகள் இரண்டு வெளியேற்றப்பட்டு, மூன்று பிளாஸ்டிக் உறைகளையும் மீறி மணக்கும் வடகம் மட்டும் அசையாமல் உள்ளேயே தங்கிவிடும் இந்நிகழ்வு, வழியனுப்ப வந்த உறவினர்களின் எண்ணிக்கைக்கேற்ப நீளும் இயல்புடையது.

வானில் கழியும் நேரமும் இருவழியிலும் ஒன்றாக இருப்பதில்லை. உயர் வளிமண்டலத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் தாரைக்காற்று, மேற்கே செல்லும் விமானத்தைத் தடுத்து, கிழக்கே திரும்பும் விமானத்தைத் தள்ளிவிடுவதால், போவதைவிட வருவது விரைவு. ஆயினும் கடிகாரம் இதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்கிறது. குளிர்காலத்தில் பாரிஸ் நேரம் இந்திய நேரத்துக்கு நாலரை மணி பின்தங்கியிருப்பதால், நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குச் சென்னையில் அத்தகைய விமானத்தில் ஏறியவர் காலை ஏழு மணிவாக்கில் அங்கே இறங்கிவிடுவார். ஊர் திரும்பும்போதோ அதே கணக்கில் பதினான்கு மணி நேரம் செலவாகிறது. பாகூருக்குப் பாரிஸ் பக்கம், பாரிசுக்குப் பாகூர் தூரம் என்னும் முடிவு இதனால் பெறப்படும். போன பிள்ளை எட்டிப் பார்ப்பதில்லை என்று தாய்மார் கொள்ளும் மனத்தாங்கலுக்கு இதைவிட நாகரிகமான விளக்கம் கிடைப்பது அரிது.

மேலும், 1976 முதல் பிரான்சில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைக்கும் வழக்கம் நடைமுறையில் உள்ளது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அது பழையபடி பின்னிழுக்கப்படும்போது, ஞாயிறுதோறும் வரும் தொலைபேசி அழைப்பு பாகூரில் ஒரு மணி நேரம் தாமதமாக ஒலிக்கும். இத்தாமதத்துக்கு மருமகளே காரணம் எனக் கொள்ளும் கருத்து மாமியாரிடையே வலுவாக உள்ளது.