சுரண்டு இழைப்புளி வாங்கப் போகிறவர்

சுரண்டு இழைப்புளி வாங்கப் போகிறவர் ஒரு தனி இனம். வாங்கியவரோடு இவரைச் சேர்த்துவிடக் கூடாது. வாங்கியவர் மரவேலை செய்கிறவர். இவர் வாங்கப் போகிறவர் மட்டுமே. 2023-இல் மத்திய அரசின் சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் தங்கம் பெற்ற காந்தலூரில், ஓய்வு பெற்று வந்து ஹோம்ஸ்டே கட்டியவர்களிடையே இவர் தட்டுப்படுவார். பூண்டு வயலைப் பார்த்த திண்ணை, கையில் நேரம், மேசைக்கென்று அறுத்து வருஷமாகியும் இழைக்காத ஒரு பலாப் பலகை, இவை கூடிவிட்டால் ஆள் தயார்.

வினையே அந்தப் பலகையில்தான் ஆரம்பம். பலாவிலும் வேங்கையிலும் நார் கொஞ்ச தூரம் ஒரு பக்கம் சாய்ந்து போய், பிறகு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். சாதாரண இழைப்புளியின் அலகு 45 டிகிரியில் படுத்திருப்பதால், நார் திரும்பும் இடத்தில் மரம் சீவப்படாமல் பெயர்ந்துவிடும். சுரண்டு இழைப்புளியில் தகடு நிமிர்ந்து, சற்றே முன்பக்கம் சாய்ந்தும் நிற்கும். அதில் வேலை செய்வது கூர் அல்ல. கூரின் ஓரத்தைக் கெட்டியான எஃகுக் கம்பியால் அழுத்தித் தேய்த்து மடக்கிய பிசிறு. கண்ணுக்குச் சிக்காது, விரலில் தட்டும். பிசிறு சரியாக ஏறியிருந்தால் வெங்காயச் சருகு போலச் சுருள் வரும்; ஏறாவிட்டால் வெறும் தூள். இவ்வளவையும் இவர் பரம்பரை ஆசாரிக்கே பாடம் எடுப்பார். ஆசாரியும் டீ முடியும்வரை கேட்டுக்கொள்வார்.

இந்த இனத்தில் இரண்டு கிளை உண்டு. பழைய கருவிதான் கருவி என்பவர் முதல் கிளை. லெனர்ட் பெய்லி 1855-இல் சுரண்டும் கருவிக்குக் காப்புரிமை பெற்றதையும், 1869-இல் அவருடைய காப்புரிமைகள் ஸ்டான்லி கம்பெனிக்குப் போனதையும் சொந்த வீட்டுப் பத்திரத்தை வாசிப்பது போலச் சொல்வார். ஸ்டான்லி 112 என்ற சுரண்டு இழைப்புளியைத் தேடி மறையூர், உடுமலை வழியாகக் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைவரை போய் வருவார். அங்கே கண்ணில் பட்ட ஏதோ ஒன்றை மூணாறு எஸ்டேட் துரை வைத்திருந்தது என்பார். “துரு பிடிச்சிருக்கே சார்” என்றால், “அது துரு இல்லப்பா, வயசு” என்று பதில் வரும். பழைய வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் விரிசல் விடும். விரிசலுக்கும் இவரிடம் ஒரு வரலாறு இருக்கும்.

புதியதுதான் வேண்டும் என்பவர் அமெரிக்க லீ-நீல்சனையும் கனடாவின் வெரிட்டாஸையும் பற்றி மட்டுமே பேசுவார். அடிப்பாகம் துல்லியமான சமதளம், எளிதில் உடையாத வார்ப்பு, தள்ளும்போது துடிக்காத தடித்த தகடு. சொல்வது அத்தனையும் உண்மை. விலையோடு கப்பல் செலவும் சுங்க வரியும் சேர்ந்த தொகை மட்டும் வீட்டம்மாவின் காதுக்கு எட்டாது. பெட்டி வந்தால் பனி படும் என்று பயந்து, எண்ணெய்த் தாளில் சுற்றி வைக்க அலமாரியில் இப்போதே இடம் ஒதுக்கிவிடுவார்.

நியாயமாகப் பார்த்தால் இருவர் பேச்சிலும் தப்பில்லை. உடலில் விரிசல் இல்லாமல், சாய்வை மாற்றும் திருகு சிக்காமல் சுழன்றால் பழையதற்குப் புதுத் தகடு போட்டே காலம் தள்ளலாம். கை பழகாதவரின் பிழையைப் புதியதின் கனத்த தகடு கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பிசிறு ஏற்றத் தெரியாத கையில் இரண்டும் காகிதம் பறக்காமல் வைக்கத்தான் ஆகும்.

இதற்குள் சுற்றுலாக் கூட்டம் வரும் நாள் நெருங்கிவிடும். “பலகைய எப்ப சார் இழைக்கிறது?” என்பார் ஆசாரி. “மிஷின் வரட்டும்பா” என்பார் இவர். மறுநாள் இவர் உடுமலை போன சமயத்தில் ஆசாரி பலகையை மேலாக இழைத்துவிட்டு, ஜன்னலில் உடைந்த கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்து, இரு கைக் கட்டைவிரலாலும் பிடித்து, பெயர்ந்த இடங்களைச் சுரண்டுவார். சில்லு மழுங்கினால் இன்னொரு சில்லு. பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேசை தயார்.

இவர் திரும்பி வந்து அதே மேசையில் முழங்கையை ஊன்றி, பழையதா புதியதா என்பதை விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். பிசிறு மடக்கும் அந்த எஃகுக் கம்பியை இரண்டு கிளையாரும் இன்றுவரை எந்தக் கடையிலும் விசாரித்ததில்லை.