உற்சவர்களுக்கு ஒரு நன்றியுரை

டிசம்பர் 17 அன்று தாமிரபரணிக் கரையில் ஆண்டுதோறும் ஒரு விழா எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. 2023-இல் அதே நாளில் வந்த வெள்ளத்தில் போனவர்களுக்கு விளக்கேற்றும் விழா இல்லை. அதைச் சனங்கள் அவரவர் வீட்டில் செய்துகொள்வார்கள். நான் சொல்வது பாராட்டு விழா. மேடை, மாலை, பொன்னாடை எல்லாம் உண்டு. நன்றியுரை என் பொறுப்பு.

முதல் பொன்னாடை வானிலையைக் கணித்தவர்களுக்கு. இரண்டு வாரம் முன்னால் சென்னையை மூழ்கடித்த புயலுக்கு மிக்ஜாம் என்று பெயராவது இருந்தது. நமக்கு வந்தது குமரிக்கடல் பக்கம் ஒரு மேலடுக்குச் சுழற்சி. பேர் வைக்கும் தகுதிகூட அதற்கில்லை. ஆனாலும் சிவப்பு எச்சரிக்கை விட்டார்கள். சிவப்பு என்றால் 20 செ.மீ.க்கு மேல் பெய்யும் என்று பொருள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. 95-உம் 20-க்கு மேல்தானே? கணக்கில் பிசகு சொல்ல முடியாது. ‘இவ்வளவு வரும் என்று சொல்லவில்லையே’ என்று மாநிலமும், ‘சொன்னோமே’ என்று டெல்லியும் பிறகு நடத்திய பட்டிமன்றம் அருமையாக இருந்தது. வெள்ளம் சூழ்ந்த ஏரல்காரர்களுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை, கரண்ட் இல்லாமல் மொட்டை மாடியில் இருந்தார்கள்.

இரண்டாவது பொன்னாடை, ஊரை மேடாக்கியவர்களுக்கு. நெல்லையில் வேய்ந்தான்குளத்து மண்ணில் பஸ் ஸ்டாண்ட் கட்டினாலும், குளத்தின் பெயரைச் சனங்கள் வாயில் விட்டுவைத்த பெருந்தன்மையை என்னவென்பது! ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குப் பெயரில் குளம் இல்லை. அந்தக் குறையை 2023-இல் ஆறே வந்து தீர்த்துவைத்தது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டையும் மறக்கக் கூடாது. ஆற்றின் கடைசி அணைக்கட்டு; வெள்ளைக்காரன் தண்ணீர் தேக்கக் கட்டியது. அதில் தண்ணீருக்குப் பதில் வண்டலைச் சேமித்துவைத்த சிக்கனம் வேறெங்கும் காணக் கிடைக்காது. தூர் வாரச் சொல்லிப் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டியிருந்தது என்றால், அந்தச் சேமிப்பில் எவ்வளவு அக்கறை இருந்திருக்க வேண்டும்!

மூன்றாவது பொன்னாடை பொறுமைக்கு. கன்னடியன் கால்வாயிலிருந்து வெள்ள நீரைப் பிரித்து, கருமேனியாறு, நம்பியாறு வழியாகச் சாத்தான்குளம், திசையன்விளைக் காட்டுக்குக் கொண்டுபோகும் திட்டத்துக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். திறப்பு விழா 2025-இல். அவசரப்பட்டு முடித்திருந்தாலும் அந்த வெள்ளம் முழுவதையும் அது குடித்திருக்காது, அது நியாயம். ஆனால் ஒரு வாய் குடிக்கவும் 16 வருஷம் பார்த்துப் பார்த்து வெட்டிய நிதானம் யாருக்கு வரும்?

நான்காவது, டெல்லிக்கு. சென்னைப் புயலுக்கும் நம் வெள்ளத்துக்கும் சேர்த்து மாநிலம் கேட்டது 37,907 கோடி. வந்தது 276 கோடி. ரூபாய்க்கு முக்கால் காசு. கேட்டதை அப்படியே கொடுத்தால் சனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்ற தாய்ப்பாசம் அதில் தெரிகிறது. மாநிலம் தன் பங்குக்கு, பாதிப்பு அதிகமான தாலுகாக்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. பொய் சொல்லக் கூடாது. நனைந்த கட்டிலும் ஃபிரிட்ஜும் பாடப் புத்தகமும் அந்த ஆறாயிரத்துக்குள் அடங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

புதுக்குடிக்காரர்களுக்கு மட்டும் பொன்னாடை கிடையாது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், தண்டவாளத்தின் கீழேயிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போனதால் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது. சுமார் 800 பயணிகள். தாங்களே வெள்ளத்தில் தவித்த பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள், இருந்த அரிசியைப் பொங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதைப் பாராட்டினால் அது நிஜப் பாராட்டாகிவிடும். இந்த விழாவின் மரபு கெட்டுவிடும். ஆனால் அவர்களால் மேடைக்கு ஒரு பெரிய உபகாரம். ‘நெல்லைச் சீமை மக்கள் எதையும் தாங்குவார்கள்’ என்று வந்தவர்கள் எல்லாரும் முழங்கலாம். தாங்குகிறவனுக்கு எதற்குக் கரையை உயர்த்த வேண்டும்? இன்னும் நாலு வெள்ளம் தாங்குவான்.

விழாவுக்கு இடம், குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயில். வெள்ளத்தைப் பிளந்துவிட, படகு மூக்கு மாதிரி முகப்பு வைத்துக் கட்டியிருக்கிறான் அந்தக் காலத்து ஆள். தண்ணீர் ஏறுகிறது என்றால் உற்சவரைத் தூக்கி மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வெள்ளம் வடிந்ததும் அவர் திரும்பி எழுந்தருளுவார்.

2023-லும் நம் உற்சவர்கள் அப்படியே எழுந்தருளினார்கள். தண்ணீர் இறங்கிய தெருக்களில் வாகனம் ஏறி, பரிவாரத்தோடு வந்து, காட்சி கொடுத்து, மாலைக்குள் மேட்டுக்குத் திரும்பினார்கள். வராதவர்களைக் குறை சொல்லலாம், வந்தவர்களைச் சொல்லலாமா? அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி.

மூலவர் எங்கேயும் போகவில்லை. பாறையோடு பாறையாகக் கழுத்துத் தண்ணீரில் அங்கேயேதான் இருந்தார். அவருக்கு அழைப்பிதழ் அனுப்பவில்லை. முகவரி தெரியும் என்பதால்தான்.