பாஸ்கல் பரம்பரையும் போலாரிஸ் பரம்பரையும்

ஆய்வெல்லையை முதலில் வகுத்துக்கொள்வோம். வடக்கே எண்ணூர் முகத்துவாரம், தெற்கே 1856-ல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம், கிழக்கே கடல், மேற்கே தண்டவாளம். இந்த எல்லைக்குள் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் இளைஞர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. கையிலிருக்கும் காசுக்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வாங்குவதா, ஆர்எக்ஸ் 570 வாங்குவதா? டீக்கடை பெஞ்சில் வாய்மொழியாகவே வளர்ந்த இவ்வழக்கு இன்றுவரை முறையான ஆராய்ச்சிக்கு உட்படவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

வடசென்னையில் எந்த மோதலையும் பரம்பரை சொல்லாமல் தொடங்குவது மரபன்று. குத்துச்சண்டைக்குச் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் இருப்பதுபோல் கிராபிக்ஸ் கார்டுக்கும் உண்டு. 1050 டிஐ, என்விடியாவின் பாஸ்கல் பரம்பரை. 2016 அக்டோபரில் களமிறங்கியது. 570, ஏஎம்டியின் போலாரிஸ் பரம்பரை. 2017 ஏப்ரலில் வந்தது. முன்னது பச்சைக் கட்சி, பின்னது சிவப்புக் கட்சி. துறைமுகத் தொழிற்சங்கங்கள் வேரூன்றிய வட்டாரம் ஆதலால் சிவப்புக்கு ஆதரவு கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். கார்டு விஷயத்தில் கொள்கையைவிட விலையே பேசுகிறது.

இனி உடற்கூறு. பாஸ்கலுக்கு 768 கோர்கள், பூஸ்ட் வேகம் 1,392 மெகாஹெர்ட்ஸ். போலாரிஸுக்கு 2,048 கோர்கள், 1,244 மெகாஹெர்ட்ஸ். ஏட்டுத் திறன் காணும் சூத்திரம் எளிது. கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி (ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் சேர்ந்து நடப்பதால் இரண்டு), வந்ததை வேகத்தால் பெருக்க வேண்டும். பச்சைக்கு 2.14 டெராஃப்ளாப்ஸ் வருகிறது, சிவப்புக்கு 5.1. அதாவது நொடிக்கு 2.14 லட்சம் கோடி கணக்கு, 5.1 லட்சம் கோடி கணக்கு. லட்சம் கோடி என்ற அளவையைத் தமிழ் வாசகர் 2010-ல் 2ஜி அலைக்கற்றைத் தணிக்கை அறிக்கை சொன்ன 1.76 லட்சம் கோடி வழியாக அறிவார். அதுவும் உத்தேசக் கணக்குதான் என்பதை இங்கே நினைவில் கொள்வது நலம்.

நினைவகத்துக்கு வருவோம். பச்சையின் பாதை 128 பிட், சிவப்பின் பாதை 256 பிட். நினைவகத்தின் வேகம் இரண்டிலும் ஒன்றே என்பதால் நொடிக்கு 112 ஜிபி, 224 ஜிபி என்று அச்சுப் பிசகாமல் இரட்டிப்பு வருகிறது. சிவப்புக் கட்சியார் இங்கேயே விசிலடித்துவிடுவார்கள். பொறுக்க வேண்டும். திரைப் புள்ளிகளைத் தீட்டி முடிக்கும் அலகுகள் இரண்டிலும் 32. அவற்றை வேகத்தால் பெருக்கினால் பச்சைக்கு நொடிக்கு 44.5 ஜிகா பிக்சல், சிவப்புக்கு 39.8. பச்சைக் கட்சியார் இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடமாக வைத்திருப்பதன் காரணம் விளங்குகிறதல்லவா? இதிலிருந்து பெறப்படும் விதி: எந்தக் கார்டு உசத்தி என்று தீர்மானித்த பிறகே எதை எதனால் பெருக்குவது என்று தீர்மானிக்க வேண்டும். பல முனைவர் பட்ட ஆய்வுகளும் இந்த நெறியில்தான் நடக்கின்றன.

ஏட்டில் 2.38 மடங்கு பெரிய சிவப்பு, கேமில் முந்துகிறது, ஆனால் 2.38 மடங்கெல்லாம் முந்துவதில்லை. 2,048 கோர்களுக்கும் ஓயாமல் வேலை கொடுப்பது எந்த கேமுக்கும் லேசான காரியமில்லை. பாஸ்கலோ நிறத் தகவலைச் சுருக்கி அனுப்பிக் குறுகிய பாதையைச் சமாளித்துவிடுகிறது. அதைவிடச் சுவையான சங்கதி ஒன்று உண்டு. பச்சைக்கு 1,392 என்பது அட்டைப்பெட்டியில் போட்ட சராசரி வாக்குறுதி. சூடு இடம் கொடுத்தால் 1,700-ஐ ஒட்டிக்கூட ஓடும். சிவப்புக்கு 1,244 என்பதே உச்சவரம்பு, சூடேறினால் அதிலும் இறங்கும். தராசின் ஒரு தட்டில் சராசரியையும் மறுதட்டில் உச்சத்தையும் வைத்து நிறுத்துவிட்டுத்தான் இத்தனை காலமும் சண்டை போட்டிருக்கிறோம். போதாக்குறைக்கு, வீட்டில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். நொடிக்கு 60 தடவைக்கு மேல் அதனால் படம் மாற்ற முடியாது. வேலரன்ட் மட்டும் ஆடுபவனுக்கு இரண்டு பரம்பரையும் ஒன்றுதான்.

ஏட்டுத் திறனுக்கும் நடப்புத் திறனுக்கும் உள்ள தூரம் எண்ணூர்வாசிக்குப் புதிதல்ல. பக்கத்து அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரு கட்டங்களின் நிறுவுதிறன் மட்டும் 630-ம் 1,200-ம் சேர்ந்து 1,830 மெகாவாட். சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக்கும், மின்சாரம் ஊருக்கெல்லாமும் போக, மே மாதத்து ராத்திரியில் கரண்ட் போனால் மொட்டை மாடியில் பாய் விரிப்பவர்களுக்கு நிறுவுதிறன் என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆய்வின் மையப்பொருள் உண்மையில் கார்டே அல்ல, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். 1050 டிஐயின் பெரும்பாலான மாடல்கள் மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே வயிறு நிறைபவை. 570 கேட்பது 150 வாட். அதற்கெனத் தனி ஒயர் இழுக்க வேண்டும். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் மீது 450 வாட் என்று ஒட்டியிருக்கும். திருவொற்றியூர் பக்கத்துச் சர்வீஸ் கடைக்காரர் ஒருவர் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்க்கிறார். ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் தூக்குகிறார். உள்ளே விரல் அகலத்துக்கு ஓர் அலுமினியத் தகடு, கட்டைவிரல் பருமனில் இரண்டு கெப்பாசிட்டர், மீதி காற்று.

“தம்பி, 450-ன்றது ஸ்டிக்கரோட வாட்டு. உள்ள அதுல பாதி வந்தாலே பெருசு.”

“அப்போ 570 போட முடியாதாண்ணே?”

“போடலாம்பா. முதல்ல ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கு. அப்புறம் கார்டைப் பத்திப் பேசலாம்.”

இந்த உரையாடலில் உள்ள அளவு தெளிவு எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இல்லை.

செகண்ட் ஹேண்டில் வரும் 570-களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து நடந்த சுரங்க வேலையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகல் ஓய்வின்றி உழைத்த போலாரிஸ் கார்டுகள் துடைத்துப் பளபளப்பாகச் சந்தைக்கு வந்தன. வாங்கும்போது ஃபேனை விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். காசிமேட்டு உப்புக்காற்றில் இருந்த கார்டு என்றால், மானிட்டர் ஒயர் செருகும் பக்கத்துத் தகட்டில் துரு காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக அம்மா தரப்பு. இரு கார்டுக்கும் வித்தியாசம் 75 வாட். தினமும் நாலு மணி நேரம் முழுவீச்சில் ஆடினால் அறுபது நாளில் 18 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016 முதல் கணக்குப் பண்ணி மின்விசிறியை நிறுத்தும் வீட்டில், 18 யூனிட் என்பது 5.1 டெராஃப்ளாப்ஸைவிடக் கனமான எண்.

ஆகவே தீர்ப்பு: எஸ்எம்பிஎஸ் நம்பகமானது, கரண்ட் பில் உங்கள் பொறுப்பு என்றால் 570 வாங்குங்கள்; காசுக்கு அதுதான் தகும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் 1050 டிஐ. இரண்டிலுமே பழைய விஜிஏ போர்ட் கிடையாது என்பதால், எதை வாங்கினாலும் பர்மா பஜாரில் ஒரு கன்வெர்ட்டரும் சேர்த்து வாங்கிக்கொள்ளவும்.