கட்-ஆஃப் மாமா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலை, ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஏதாவது ஒரு திண்ணையில் அவரைப் பார்க்கலாம். பெல்லில் பாய்லர் செய்து ரிட்டயரானவர். மடியில் பேப்பரோடு வந்த கல்வி இணைப்பு, காதில் பால்பாயிண்ட் பேனா. யார் வீட்டுக் குழந்தை என்ன கட்-ஆஃப் என்பது பெற்ற அப்பாவுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

தெருவுக்கு ஒரு மாமா இப்படி உண்டு. எந்தப் படிப்பையும் நிறுக்க இவர்களிடம் இருப்பது ஒரே தராசு. கல்யாணப் பந்தியில் யாராவது "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால், அடுத்த பதார்த்தம் இலைக்கு வருவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். 'ஐ.டி.' அரை மூச்சு. 'சி.ஏ.' அதிலும் பாதி.

என் அண்ணா பெண் "வெட்னரி" என்றாள்.

"மாட்டு டாக்டரா?"

விடியற்காலையில் பசுவும் யானையும் எதிரே வந்து நின்றால்தான் பெருமாளுக்கே விஸ்வரூபம். அந்தக் கோபுர நிழலில் உட்கார்ந்துகொண்டு மாமா இதைக் கேட்டார்.

"நீட் எழுதினியோ?"

"ஸ்டேட் சீட்டுக்கு நீட் வேண்டாம் மாமா. பயாலஜி நூறு, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் ஐம்பது ஐம்பது. 200-க்குக் கட்-ஆஃப். ஆல் இந்தியா கோட்டா 15 சதவீதத்துக்குத்தான் நீட்."

கட்-ஆஃப் விஷயத்தில் மாமாவுக்கு ஒருவர் சொல்லித்தருவது அந்தத் திண்ணை கண்டிராத காட்சி. பேனாவைக் காதிலிருந்து எடுத்து மறுபடி அங்கேயே வைத்தார்.

"திருச்சியிலேயே இருக்கோ?"

"கொட்டப்பட்டுல யுனிவர்சிடியோட பயிற்சி மையம்தான். காலேஜ்னா ஒரத்தநாடு, இல்லேன்னா நாமக்கல். இன்டர்ன்ஷிப்போட அஞ்சரை வருஷம்."

"அஞ்சரையா! அதுக்குள்ள ஒரு கல்யாணமும் ஒரு சீமந்தமும் ஆயிடுமேடி! சின்னதா, டெக்னீஷியன் மாதிரி ஒண்ணும் கிடையாதோ? அமெரிக்காவில நாய்க்குப் பல்லு சுத்தம் பண்றதுக்குன்னே ஒரு பொண்ணு இருக்கா. ரெண்டு வருஷம் காலேஜ், அப்புறம் நேஷனல் பரீட்சை. யாரோ சொன்னா."

யாரும் சொல்லவில்லை. நியூ ஜெர்சியில் பிள்ளையாத்தில் இருந்த ஆறு மாசமும் அந்த வீட்டு நாயை வாக்கிங் அழைத்துப் போனவர் இவர்தான். ஊரில் மூச்சு விட்டதில்லை.

"ஆந்திராவில பத்தாவது முடிச்சவாளுக்கு ரெண்டு வருஷ பாலிடெக்னிக் இருக்கு மாமா. நம்ம ஊர்ல கிராமம் கிராமமாப் போய் அந்த மாதிரி வேலை பண்றவா கால்நடை ஆய்வாளர். முதலுதவி, தடுப்பூசி, சினை ஊசி…"

மாமா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "ஊசின்னு மட்டும் சொல்லு, போறும்."

"அந்த ஊசிக்கான குச்சியெல்லாம் லிக்விட் நைட்ரஜன்ல இருக்கும். மைனஸ் 196 டிகிரி."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் ஐந்நூறு டிகிரி நீராவியோடு குடித்தனம் பண்ணியவர். "மைனஸ் 196-ஆ? கண்டெய்னர் என்ன மெட்டீரியல்?"

"அலுமினியம். ரெட்டைச் சுவர், நடுவில வேக்குவம்."

"பேஷ்! அடிக்கடி டாப்-அப் பண்ணணுமே?" பாய்லரில் சூட்டை வெளியே விடாமல் பார்த்துக்கொள்வதையும், இதில் சூட்டை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதையும் ஒப்பிட்டு அரைமணி நேரம் பேசினார். காபி ஆறியது. கடைசியில் தீர்ப்பு வந்தது: "அப்படின்னா இதுவும் மெக்கானிக்கல்தான்! தாராளமா சேரலாம்."

அன்று சாயங்காலம் இருட்டினபிறகு வாசலில் இருமல் சத்தம். மாமா. மேல்துண்டுக்குள் ஒரு தூக்கு.

"கொழந்தே, கோடிவீட்டு வாசல்ல ஒரு கறுப்பு நாய் படுத்துண்டிருக்குமே? மூணு நாளா தயிர்சாதத்தை மோந்துகூடப் பார்க்கலை. என்னவா இருக்கும்?"

"மாமா, நான் இன்னும் அப்ளிகேஷனே போடலை."

"அதனால என்ன? கட்-ஆஃப் இருக்கோன்னோ. செருப்பை மாட்டிண்டு வா."