சிறுத்தைக்குக் கம்பு, லாரிக்கு எலுமிச்சை

எங்கள் சித்தூர்க்காரர்களுக்குப் பயமே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறைய இருக்கிறது. பலமனேர் பக்கம் வயலில் இறங்கும் யானைக்குப் பயப்படுவோம். காணிப்பாக்கம் பிள்ளையார் எதிரில் பொய்ச் சத்தியம் செய்யப் பயப்படுவோம். சந்திரகிரி பக்கத்துக் கிராமங்களில் சங்கராந்தி மாட்டுத் திருவிழாவன்று சீறிவரும் காளையின் கொம்பில் கை வைக்கிற பையன், வீட்டுக்கு வந்து தயிரைத் தள்ளி வைப்பான்; ஜலதோஷம் பிடித்துவிடுமாம். ரோட்டுக்கு மட்டும் நாங்கள் பயந்ததில்லை.

2023 ஆகஸ்டில் திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைபாதையில் சிறுத்தை தாக்கி ஆறு வயதுச் சிறுமி இறந்துபோனாள். ஊரே நடுங்கியது, நடுங்கத்தான் வேண்டும், அதில் சிரிக்க ஒன்றுமில்லை. பிற்பகல் 2 மணிக்கு மேல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் படியேற விடமாட்டோம் என்றது திருமலை திருப்பதி தேவஸ்தானம். கூண்டு வைத்ததில் அந்த ஆண்டு அடுத்தடுத்து ஆறு சிறுத்தைகள் சிக்கின. செப்டம்பரில், நடந்து போகிறவர்களுக்கு ஆளுக்கொரு கம்பு கொடுக்க ஆரம்பித்தார்கள். கம்பைப் பார்த்து நாடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. 3,550 படி ஏறப்போகிறவனுக்கு, சிறுத்தை வந்தாலும் வராவிட்டாலும், வழியிலுள்ள காலி கோபுரத்தைத் தொடுவதற்குள் ஊன்றிக்கொள்ள ஒரு கம்பு வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் என் மச்சான் குடும்பத்தோடு மலைக்குப் போக வேண்டியிருந்தது. மொட்டை நேர்த்திக்கடன். “படியேறிப் போறதா? புள்ளைங்கள வெச்சுக்கிட்டா? சிறுத்தை இருக்குது மாமா!” என்று பதறினார். பதறியவர் என்ன செய்தார் தெரியுமா? பெரியவனை பெட்ரோல் டாங்க் மேல், சின்னதை நடுவில், என் தங்கையைப் பின்னால், அவள் மடியில் துணிப்பை என்று ஏற்றிக்கொண்டு, சித்தூரிலிருந்து திருப்பதி வரை சுமார் 70 கிலோமீட்டர், லாரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். ஹெல்மெட் எங்கே என்றேன். “இருக்குதே!” என்று கையைத் தூக்கிக் காட்டினார். முழங்கையில் மாட்டியிருந்தது. அவர் முழங்கைக்கு எந்த ஆபத்தும் வராது.

அவர் நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. வண்டி வாங்கிய அன்றே காணிப்பாக்கத்தில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது. “சாமி பாத்துக்கும். ஏமீ காது மாமா.” ஒன்றும் ஆகாதாம். தமிழில் வராத தைரியம் எங்களுக்குத் தெலுங்கில் வந்துவிடும். எதிரே வரும் லாரியும் அதே பிள்ளையாரிடம் பூஜை போட்டுக்கொண்டு, அதே எலுமிச்சம்பழத்தை நசுக்கித்தான் வருகிறது. பிள்ளையார் யார் பக்கம் நிற்பார் என்று மச்சான் யோசித்ததில்லை.

இதையெல்லாம் விட ருசியான சங்கதி மலைப்பாதையில் இருக்கிறது. வண்டிகள் வளைவுகளில் பறக்கக் கூடாது என்று தேவஸ்தானம் நேரக் கட்டுப்பாடு வைத்தது. மேலே ஏறக் குறைந்தது 28 நிமிடம், கீழே இறங்க 40 நிமிடம். அதற்கு முன்னால் சோதனைச் சாவடிக்கு வந்து சேர்ந்தால் அபராதம். நல்ல விதி. நம் டிரைவர்கள் அதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். 1944-இல் திறந்த பழைய பாதையில், வளைவுக்கு வளைவு டயர் கதற இறங்கி வருவது. சாவடி கண்ணில் படுவதற்குச் சற்று முன்னால் ஓரமாக நிறுத்திவிட்டு, மிச்சமிருக்கும் நிமிடங்களுக்குக் காற்று வாங்குவது. உள்ளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாட்டி “ஏம்பா, இங்கேயே நிக்கறதுக்கா அப்படி ஓட்டினே?” என்று கேட்டால், “ரூல்ஸ் பாட்டிம்மா!” என்பார்கள், சட்டத்தை மதிக்கிற குரலில்.

எனக்குத் தோன்றுவது இதுதான். முகம் இருக்கிற ஆபத்துக்குத்தான் நாம் மரியாதை தருகிறோம். சிறுத்தைக்கு முகம் இருக்கிறது, அதைக் கூண்டில் பிடிக்கலாம், படம் பத்திரிகையில் வரும். மலை வளைவில் ஆபத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியின் கண்ணாடியைத்தான் பார்க்க வேண்டும். அதில் நாங்கள் தலை சீவிக்கொள்வோம்.

மச்சானுக்குச் சீவ முடியில்லை என்பது வேறு. கல்யாணகட்டாவில் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டவர், இறங்கும்போதும் ஹெல்மெட் போடவில்லை. சந்தனம் அழிந்துவிடுமாம்.

மொட்டை போட்டுக்கொண்டு இறங்கி வரும் பக்தர்களே, உங்களுக்கு என் விண்ணப்பம்: அந்தச் சந்தனம் காயும் வரை மேலேயே கொஞ்சம் உட்காருங்கள். பிறகு ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு நிதானமாக இறங்குங்கள். எவ்வளவு பறந்து வந்தாலும் 40 நிமிடத்துக்கு முன்னால் சாவடியைத் தொட்டால் அபராதம்தான்.